கழுகுமலை விலகாது

ஜன்னல் சீட்டைக் கேட்காதேயும். தர மாட்டேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். சாலை தெரியாமல் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும். டிரைவருக்குப் பின்னால் இந்த ஒரு சீட்டில்தான் எதிரே வருகிறவன் தெரிவான். நீர் இந்தப் பக்கம் உட்காரும். இடம் போதும்.

அந்தப் பையை இடிக்காதேயும்.

உள்ளே ஜாய்ஸ்டிக் இருக்கிறது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற கம்பு. என்ன பார்க்கிறீர்? அறுபத்தெட்டு வயசில் விமானம் ஓட்டக்கூடாது என்று எங்கேயாவது எழுதிப் போட்டிருக்கிறதா? ஓட்டினேன். நன்றாகவே ஓட்டினேன். இப்போது விட்டாயிற்று. இதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன்.

நீரும் தூத்துக்குடிதானா? துறைமுகத்திலா வேலை? ஆகட்டும். எனக்கு அங்கே ஒரு ஆளைப் பார்க்க வேண்டும். மிக்கேல் பர்னாந்து என்று பேர். இரண்டு வருஷம் தினமும் பேசியிருக்கிறேன். முகம் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்து, இந்தக் கம்பை அவன் கையில் கொடுத்து, அவன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ‘அண்ணாச்சி விலகினார்.’ அவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டியது. கூட விமானம் ஆடுகிற எங்கள் கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, போனைப் போட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நான் நகர மாட்டேன்.

பாரும். இப்போது பாரும். எதிரே லாரி. நம்ம ஆள் முன்னால் போகிற டிராக்டரை முந்தப் பார்க்கிறான். லைட்டைப் போட்டானா? போட்டான். லாரிக்காரன் போடவில்லை. ஏறு, ஏறு, யோசிக்காதே... ஒதுங்கினான் பார்த்தீரா லாரிக்காரன்! மண்ணில் இறங்கிப் போகிறான். முதலில் லைட்டைப் போட்டவனுக்குத்தான் சாலை. ‘நான் வருகிறேன், நீ ஒதுங்கு’ என்று அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஆனால் சங்கரன்கோவில் ரோட்டில் அதுதான் சட்டம்.

இந்த ரோட்டில் நான் ஒதுங்கினது கிடையாது. ஒரு தடவைகூட. கேட்டுப் பாரும், டெப்போவில் சொல்வார்கள். வெயிலுமுத்து வண்டி என்றால் எதிரே வருகிறவன் தூரத்திலேயே மண்ணில் இறங்கி நிற்பான். இடித்ததும் கிடையாது. ஏன் இடிக்கவில்லை? எதிரே வந்தவன் ஒதுங்கினான். நான் உறுதியாக நின்றேன், அவன் ஒதுங்கினான். உறுதியாக நிற்பதுதான் ஓட்டுவது. மற்றதெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

சரி, விமானத்துக்கு வருகிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு முட்டி தேய்ந்து போயிற்று. வீட்டில் உட்கார்ந்தேன். டி.வி.யைப் போட்டால் எல்லாரும் அழுகிறார்கள். எனக்கு ஆகாது. மாடி அறையில் மகனுடைய கம்ப்யூட்டர் கிடந்தது. மகன் சங்கரநாராயணன். புனேயில் இருக்கிறான். அங்கேயே ஒரு மராட்டிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு வாங்கப்பா என்றான். நீ முதலில் இங்கே வந்து முறையாகக் கேள், பிறகு வருகிறேன் என்றேன். நீங்கள் வாங்க, மற்றதைப் பிறகு பேசுவோம் என்றான். நான் போகவில்லை. அவன் வரவில்லை. கல்யாணம் நடந்துவிட்டது. அதை விடும், அது இந்தக் கதையில் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே விமானச் சண்டை இருந்தது. மூக்கில் விசிறி சுழல்கிற பழைய காலத்துப் போர் விமானங்கள். இன்டர்நெட் வழியாக ஆடுவது. எதிரே வருவது பொம்மை இல்லை. ஒவ்வொரு விமானத்துக்குள்ளும் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். அது எனக்குப் பிடித்துப் போயிற்று. எதிரே ஆள் வேண்டும் எனக்கு. ஆள் இல்லாத சாலையில் ஓட்டி என்ன ஆகப்போகிறது?

பேர் கேட்டது. ஊர்ப் பேரை வைத்தேன். கழுகுமலை.

கொஞ்ச நாளில் ஒரு தமிழ்க் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூடுவோம். காதில் மைக்கை மாட்டினால் அத்தனை பேர் குரலும் வீட்டுக்குள் வந்துவிடும். ரிஸ்வான் என்று ஒருவன் தலைவன். காயல்பட்டினத்துக்காரன், தோஹாவில் வேலை. நன்றாக ஓட்டுவான். ஆனால் வாய். விமானத்தில் அடித்துக்கொண்டதைவிட அவனும் நானும் வாயில் அடித்துக்கொண்டதுதான் அதிகம்.

எல்லாம் இந்த ஹெட் ஆன் விஷயம்தான். இரண்டு விமானம் நேருக்கு நேர் வருகிறது. விலகுவதா, விலகாமல் சுட்டுக்கொண்டே போவதா? நான் சுட்டுக்கொண்டே போகிற கட்சி.

‘அண்ணாச்சி, நேருக்கு நேர் போறதுல திறமையே கிடையாது. நீங்களும் சுடுறீங்க, அவனும் சுடுறான். இது சீட்டுக் குலுக்கல்’ என்பான் ரிஸ்வான்.

‘அவன் ஒதுங்குவான்.’

‘ஒதுங்கலைன்னா?’

‘ஒதுங்குவான்.’

‘போன வாரம் ஒதுங்காம வந்து ரெண்டு தடவை உங்களைக் கொன்னானே!’

‘அவனுக்கு ஓட்டத் தெரியலை.’

இப்படியே போகும். அவன் வழி வேறு. எதிரே வந்தால் கொஞ்சம் விலகு, அவன் துப்பாக்கிக்கு நேரே நிற்காதே, கடந்து போகவிடு. கடந்ததும் உன் வேகத்தை உயரமாக மாற்று. மேலே ஏறி, தலைகீழாகத் திரும்பி இறங்கினால் அவன் வால் உனக்குக் கிடைக்கும். இதுதான் அவன் பாடம். வேகம் என்பது கையில் இருக்கிற காசு அண்ணாச்சி, அதை மோதித் தொலைக்காதீங்க என்பான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. முதுகில் சுடுவது ஒரு சண்டையா என்று கேட்டேன்.

‘இதுக்குப் பேரே டாக் ஃபைட்டுதானே அண்ணாச்சி. நாய் எங்க கடிக்கும்? ஓடுறவன் பின்பக்கத்துலதான்’ என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதுதான் மிக்கேல்.

தூத்துக்குடியில் திரேஸ்புரத்துக்காரன். லாஞ்ச் ஓட்டினவன், மீன்பிடி லாஞ்ச். என்னைவிட நாலைந்து வயசு சின்னவன். நெஞ்சில் அடைப்பு வந்து கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனும் வீட்டில். நானும் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தது, தினமும் ஆயிற்று. காலையில் காப்பி குடித்ததும் உட்கார்ந்தால், ‘அண்ணாச்சி, வந்திட்டியளா?’ என்பான்.

அவன் எனக்கு விங்மேன். பக்கத்திலேயே பறந்து காக்கிறவன் என்று வைத்துக்கொள்ளும். எங்களுக்கு ஒரு வழி இருந்தது. அவன் கீழே மெதுவாகப் போவான், அடிபட்டவன் மாதிரி ஆடிக்கொண்டு. எதிரி ஆசைப்பட்டு அவன் வாலைப் பிடிப்பான். நான் மேலே இருந்து இறங்கி எதிரியை அடிப்பேன். நல்ல வழி. நான் பிந்தினால் மிக்கேல் செத்தான். அடிக்கடி பிந்திவிடும், என்ன செய்ய? எரிந்துகொண்டே கேட்பான், ‘அண்ணாச்சி, நீங்க தப்பிச்சிட்டியளா?’

ஒரு நாளும், நான் மேலே போகிறேன், நீங்கள் கீழே வாருங்கள் என்று கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஆள்.

ஒரு குறை அவனிடம். எதற்கெடுத்தாலும் வலது பக்கம் திரும்புவான். எதிரி வந்தால் வலது. மேகம் வந்தால் வலது. ‘வே மிக்கேலு, உனக்கு இடது பக்கமே கிடையாதா?’ என்று கேட்பேன். ‘பழக்கம் அண்ணாச்சி’ என்பான்.

இந்தக் கம்பு அவனுடையது. நான் முதலில் கீபோர்டு விசைகளைத் தட்டித்தான் ஓட்டினேன். அப்படி ஓட்டினால் விமானம் மாட்டு வண்டி மாதிரி வெட்டி வெட்டிப் போகும். மிக்கேலுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணினார்கள். அப்போது பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. இந்த ரூட்டில் என் பேரைச் சொல்லி டிரைவர் கையில் எதைக் கொடுத்தாலும் இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்து சேரும். பிரித்தால் இது. போன் போட்டான். ‘டாக்டர் கொஞ்ச நாளைக்கு ஆடாதேங்காரு. சும்மா கெடக்கு. நீங்க வச்சிக்கோங்க அண்ணாச்சி.’ உடம்பு தேறி வந்த பிறகும் திருப்பிக் கேட்கவில்லை. அவன் விசையைத் தட்டியே ஆடினான். நானும் கொடுக்கவில்லை. அவன்தான் கேட்கவில்லையே.

மக்ரூன் அனுப்புவான், அவன் ஊர் முந்திரி இனிப்பு. தகர டப்பாவில், பஸ்ஸில். நான் ஒன்றும் அனுப்பினதில்லை. கழுகுமலையில் என்ன இருக்கிறது அனுப்ப?

இவ்வளவும் ஏன் சொல்கிறேன்? அவன் எப்படிப்பட்டவன் என்று நான் நினைத்திருந்தேன், அது உமக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அவன் செய்தது தெரியும்.

கோவில்பட்டி வந்துவிட்டது. தண்ணீர் இருக்கிறதா உம்மிடம்? கொடும்.

ம். கேளும். போன மாசிக்குப் போட்டி வைத்தான் ரிஸ்வான். ஒற்றைக்கு ஒற்றை. விதி என்னவென்றால், இரண்டு பேரும் நேருக்கு நேர் வர வேண்டும். முதல் தடவை சுடக்கூடாது. விலகிக் கடக்க வேண்டும். கடந்த பிறகுதான் சண்டை. மோதிக்கொண்டால் இரண்டு பேரும் வெளியே. யாரை நினைத்து இந்த விதியைப் போட்டான் என்று எனக்குத் தெரியாதா?

ஒன்று கவனியும். விலக வேண்டும் என்றுதான் விதி. எந்தப் பக்கம் என்று அதில் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்? எதிரே ஒருவன் வந்தால் இடது பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். லைசென்ஸ் வேண்டாம் அதற்கு.

முதல் ஆட்டம். எதிரே சிங்கப்பூர்க்காரன். நேரே போனேன். அவன் பதறிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். சுற்றி வந்து அடித்தேன். அடுத்தது ரிஸ்வானே. நேரே போனேன். என் வயிற்றுக்குக் கீழே குனிந்து போனான். போகும்போதே கத்துகிறான், ‘விலகுங்க அண்ணாச்சி! விதி இருக்கு!’ நீதான் விலகிவிட்டாயே, இரண்டு பேர் எதற்கு என்றேன். அந்தக் கோபத்தில் தாறுமாறாக வளைந்தான். அவனையும் அடித்தேன். கூட்டமே கத்தியது, ‘கழுகுமலை விலகாது! கழுகுமலை விலகாது!’ கேலிதான். எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மிக்கேல் ஒரு பக்கமிருந்து ஜெயித்துக்கொண்டே வந்திருக்கிறான். விசையைத் தட்டித் தட்டியே. கடைசி ஆட்டம் அவனுக்கும் எனக்கும்.

எட்டயபுரமா இது? ஆமாம். இனிமேல் நாலு வழிச் சாலை. நடுவில் தடுப்பு. இனி எதிரே ஒருத்தனும் வர மாட்டான். தூங்குகிறவன்கூட ஓட்டலாம். இந்தத் தடுப்பைப் போட்ட அன்றைக்கே பஸ் ஓட்டுகிறது செத்துப் போயிற்று. சரி.

அந்த வாரம் முழுக்க மிக்கேல் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள்தான் அவனை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ‘மிக்கேல் அண்ணே, அவரு வருவாரு நேரா, நீங்க இப்பவே ஒதுங்கிக்கோங்க.’ அவன் சிரிப்பான். ‘அண்ணாச்சி, உங்க பஸ்ஸு எப்போதும்வென்றான் ஸ்டாப்புல நிக்குமா?’ என்று கேட்டான். அந்த ஊர் இதோ இந்த ரோட்டில்தான் வரும். பேரை வைத்துக் கேலி. ‘அங்கதான்வே ஏறினதே’ என்றேன்.

சனிக்கிழமை அவன் சம்சாரம் பக்கத்தில் பேசுவது மைக்கில் கேட்டது. ‘நாளைக்கும் இதையே கட்டிக்கிட்டு அழுவியளா? டாக்டர் படபடப்பு ஆகாதுன்னாரே.’ அவன், ‘அண்ணாச்சிகூடதாம்ளா, சும்மா’ என்றான்.

நான் அதைக் கேட்டேன். படுத்த பிறகும் அது காதில் இருந்தது. நெஞ்சைத் தைத்த ஆள். நான் நேரே போனால் பயல் எந்தப் பக்கம் திரும்புவது என்று பதறுவான். எதற்கு?

விலகுவது என்று முடிவு பண்ணினேன்.

நீர் என்ன சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்? நான் சொல்வது புரிகிறதா? லாரிக்கு விலகாதவன். மந்திரி கார் கூட்டத்துக்கு விலகாதவன், அதற்கு மெமோ வாங்கினவன். பெற்ற மகனுக்கு விலகவில்லை. பெண்டாட்டிக்கு விலகவில்லை. கோமதி என்று பேர் அவளுக்கு. பேரன் பிறந்தபோது பார்த்துவிட்டு வருகிறேன் என்று புனே போனாள். பேரனுக்கு நாலு வயசு. இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். போகட்டும். அவர்கள் யாருக்கும் விலகாதவன், முகம் தெரியாத ஒரு லாஞ்ச்காரனுக்கு விலகுவது என்று முடிவு பண்ணினேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு விலகினால் அது என்ன விலகுவது?

ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எதிரே மிக்கேல். புள்ளி. அப்புறம் இலந்தைப் பழம் அளவு. அப்புறம் இறக்கை தெரிந்தது. ரிஸ்வான், ‘விலகுங்க, விலகுங்க, ரெண்டு பேரும்’ என்று ஏலம் போடுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கடைசி வரை நேரே போனேன். வேடிக்கைக்குத்தான். பயல் கொஞ்சம் பார்க்கட்டும் என்று. பிறகு கம்பை ஒரே இழுப்பு, இடது பக்கம். முறையாக.

அந்த நொடியில் அவன் இறக்கை சாய்ந்தது. நான் ஒதுங்குகிற பக்கமே சாய்ந்தது! கண்ணால் பார்த்தேன். நேராகப் போயிருந்தால் கடந்து போயிருப்பான். மேலே போயிருந்தால் கடந்து போயிருப்பான். நான் வழி விட்டு ஒதுங்கின பக்கமாகப் பார்த்து, தேடிக்கொண்டு வந்து, என் மேல் விழுந்தான்.

வெடித்தது. இரண்டும் நெருப்பு. திரை கறுத்துப் போயிற்று.

பிறகு மிக்கேல் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு.

‘அண்ணாச்சி... என்ன இப்படிப் பண்ணிட்டிய?’

என்னைக் கேட்கிறான்! அவன் என்னைக் கேட்கிறான்!

உடனே எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள். ‘நான் சொல்லலை? கழுகுமலை விலகாது!’ சிரிப்பு. ரிஸ்வான் மட்டும் சிரிக்கவில்லை. ‘நெஞ்சு ஆபரேஷன் பண்ணின ஆளுகூடவாவது விலகியிருக்கலாம் அண்ணாச்சி’ என்றான்.

‘நான் விலகினேன்’ என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. ஒருத்தன் விசில் அடித்தான். அவர்கள் பார்த்தது மேலே இருந்து, இரண்டும் வெடித்ததை மட்டும்தான். பதிவு பண்ணினீர்களா என்று கேட்டேன். ரிஸ்வான் போட மறந்துவிட்டானாம்.

அவர்களை விடும். அவர்கள் யார்? எனக்கு எதிரே இருந்தது ஒரே ஒருத்தன். பார்த்தவன் அவன் ஒருத்தன். கேட்டேன். ‘மிக்கேலு, நீ சொல்லு, வே. நான் விலகினேனா, இல்லையா?’

சொன்னான். என்னிடம்கூட இல்லை, மற்றவர்களிடம் சொன்னான்.

‘விடுங்கப்பா. அண்ணாச்சிக்குப் பழக்கம்.’

மைக்கைக் கழற்றி வைத்தேன். அத்தோடு சரி.

இடித்ததை மன்னித்துவிடலாம், கேட்டீரா. பொய்க்குப் பறக்கிற விமானம்தானே. ஆனால் நான் ஆயுசில் ஒரு தடவை விலகினேன். ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சி பொய் சொல்லிவிட்டான். இது எப்படி இருக்கிறது? அவன் திட்டம் போட்டு வந்தானோ என்றுகூட நினைத்தேன். இரண்டு வருஷம் கீழே பறந்து பறந்து, சமயம் பார்த்து, எல்லார் முன்னாலும் என்னை... ஏன் கூடாது? கூடவே வருகிறவனுக்குத்தான் தெரியும், எங்கே அடித்தால் வலிக்கும் என்று.

போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். எடுக்கவில்லை. பிறகு பஸ்ஸில் மக்ரூன் டப்பா வந்தது. பிரிக்காமல் அதே டிரைவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அந்த டிரைவர் பயல், ‘பெரியவரே, அந்த ஆளு வெயில்ல நின்னு கொடுத்துட்டுப் போனாரு’ என்றான். நிற்கட்டும்.

வைகாசியும் வந்துவிட்டது. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. நல்லதுதான். காலையில் காப்பி குடித்துவிட்டுக் கம்பைத் துடைத்து வைப்பேன். கோமதி போனில் கேட்டாள், ‘ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?’ ஒன்றுமில்லை என்றேன். ‘கிளம்பி இங்க வந்திருங்களேன்’ என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேற்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். ‘வாரேன்’ என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். ‘பஸ் ஸ்டாண்டுல நிக்கேன் அண்ணாச்சி, நீலச் சட்டை’ என்று பதில். வரட்டும் நீலச் சட்டை. கேட்கிறேன். என் பக்கம் சாய்ந்தாயா இல்லையா என்று கேட்கிறேன்.

என்ன?

எந்தக் கைப் பக்கம் சாய்ந்தானா? நான் இடது பக்கம் போனேன், என் எதிரே அவனும் அதே பக்கம் வந்தான். அப்படியானால் அவனுக்கு... வலது கைப் பக்கம். அதனால் என்ன?

சொன்னேனே, லாஞ்ச் ஓட்டினவன் என்று. முப்பது நாற்பது வருஷம் கடலில். எதற்குச் சிரிக்கிறீர்? சிரிக்காமல் சொல்லும்.

கடலில் எப்படி?

திருப்பிச் சொல்லும்.

எதிரே எதிரே இரண்டு லாஞ்ச் வந்தால் இரண்டும் வலது பக்கம்தான் ஒடிக்குமா? இடது பக்கம் ஒடிக்கவே கூடாதா? எல்லா லாஞ்சுமா? கப்பலுமா? உமக்கு நிச்சயமாகத் தெரியுமா? நீர் துறைமுகத்தில் என்ன வேலை பார்க்கிறீர், கணக்கு எழுதுகிறீரா, படகில் போகிறீரா? சரி, சரி, கோபப்படாதேயும்.

கையைக் காட்டும். இரண்டு கையையும். இது நான், இது அவன். நேரே வருகிறோம். நான் சாலைக்காரன், இடது பக்கம் ஒதுங்குகிறேன். அவன் கடல்காரன், அவன் வலது பக்கம்...

ம்.

மறுபடியும் காட்டும். மெதுவாக.

அப்படியானால் அவனும் விலகினான்.

ஆகாசத்தில் என்ன விதியாம்? அங்கேயும் வலதுதானா? அப்போது அவன்தான் சரி என்கிறீரா? அதை விடும்.

அவன் என்னைப் பார்த்து வரவில்லை. வழி விட்டிருக்கிறான். நான் வழி விட்ட அதே நேரத்தில், நான் வழி விட்ட அதே பக்கத்தில். இரண்டு பேரில் ஒருத்தன் விலகாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது! நான் எப்போதும் போல நேரே போயிருந்தால்...

பேசாதேயும் கொஞ்ச நேரம்.

என்ன ஊர் போகிறது? எப்போதும்வென்றானா? அது அப்போதே போய்விட்டதா? குறுக்குச்சாலையும் தாண்டிவிட்டோமா? கவனிக்கவில்லை.

ஒன்று சொல்லும். என் இறக்கை சாய்ந்தது அவனுக்கும் தெரிந்திருக்கும் இல்லையா? அவன் பார்வைக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் ஒதுங்குகிறான். ஒதுங்குகிற பக்கமாகப் பார்த்து நான் வருகிறேன். நேரே வந்தால்கூடப் பரவாயில்லை, அண்ணாச்சிக்கு அது பழக்கம். துரத்திக்கொண்டு வந்து விழுந்திருக்கிறேன். நெஞ்சைத் தைத்தவன் மேல். அதனால்தான் அந்த மூச்சு. அதனால்தான் ‘என்ன இப்படிப் பண்ணிட்டிய’.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அதுதான். எல்லாரும் என்னைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, ‘விடுங்கப்பா, அண்ணாச்சிக்குப் பழக்கம்’ என்றானே, அது என்னை... அவன் என்னை மூடி மறைத்திருக்கிறான், ஓய். பிள்ளை தப்புப் பண்ணினால் அக்கம்பக்கத்தில் சொல்லுவோமே, அந்த மாதிரி.

நான் வேண்டுமென்றே இடித்தேன் என்று நம்பிக்கொண்டுதான் போன் பண்ணியிருக்கிறான்.

நம்பிக்கொண்டுதான் மக்ரூன் அனுப்பியிருக்கிறான். வெயிலில் நின்று.

அதைத் திருப்பி அனுப்பினேன்.

சொல்லியிருக்கலாம் அவன். கடலில் வலது பக்கம்தான் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நான் கேட்டேனே, உனக்கு இடது பக்கமே கிடையாதா என்று. பழக்கம் என்றான். என்ன பழக்கம் என்று நான் கேட்டிருக்கலாம் என்கிறீரா? நான் எதற்குக் கேட்க வேண்டும்? ...சரி, கேட்டிருக்கலாம்.

வேகத்தைக் குறைக்கிறான். பஸ் ஸ்டாண்டா? அதற்குள்ளேயா?

நீலச் சட்டையைப் பாரும். நீரும் பாரும், எனக்கு இந்தக் கண்ணாடியில் தூரம் சரியாகத் தெரியாது. அதோ ஒருத்தன். அவன் சின்னப் பையன். இங்கே ஒருத்தன், போலீஸ்காரனோடு பேசிக்கொண்டிருக்கிறான். இவனும் இல்லை. இந்த ஊரில் பாதிப் பேர் நீலச் சட்டைதான் போடுவார்களா?

தூண் பக்கத்தில். பாரும். ஒல்லியாக, கறுத்து. ஒவ்வொரு பஸ்ஸாக ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறான். கையில் என்ன அது? தகர டப்பாவா?

டப்பாதான்.

நான் என்ன சொல்ல அவனிடம்? மனதுக்குள் எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஒத்து வரவில்லை இப்போது. ‘நீயும் விலகினாய்’ என்று சொல்லவா? ‘நானும் விலகினேன்’ என்று சொல்லவா? எதை முதலில் சொல்ல?

நீர் முன்னால் இறங்கும். அந்தப் பையை எடுத்துக் கொடும். மெல்ல. அது அவனுடையது. விசையைத் தட்டித் தட்டி ஆடுகிறான் பாவி.

கையைக் கொடும். முட்டி மடங்காது எனக்கு, இந்தப் படி ரொம்பக் கீழே இருக்கிறது. பிடித்துக்கொள்ளும். விடாதேயும்.

பார்த்துவிட்டான். வருகிறான். வேகமாக வருகிறான் பாரும், ஆபரேஷன் பண்ணினவன் ஓடலாமா? வே, மெதுவாக வா!

இந்தக் கூட்டத்தில் நான் இடது பக்கம் ஒதுங்கினால் அவன் வலது பக்கம் வருவான். எப்படியும் இடிக்கத்தான் போகிறது. தள்ளும். நேரே போகிறேன். இடிக்கட்டும். கழுகுமலை விலகாது.